மறு ஆட்டம் ஆடாதவன்

எங்கள் வீட்டு மேற்கு ரூம் கதவைச் சாத்தினால் உள்பக்கம் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கும். முன்பக்கம் முருகன் படம். அதைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பச்சை மைப் பேனாவால் ஒன்றிலிருந்து பதினொன்று வரைக்கும் நம்பர் போட்டு எழுதி, நான்கு மூலையிலும் பிளாஸ்திரி வைத்து ஒட்டியிருந்தான் என் கொழுந்தன். சாமி முகம் கதவுப் பலகையில் அழுந்திக் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்காது. சொன்னால், "அவரு கதவுக்குக் காவல் நிக்கிறாரு மதினி, நீங்க பேசாம இருங்க" என்பான்.

டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி ஒன்று வைத்திருந்தான். கத்தாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அதற்குப் பதினோரு சிடி. அந்தப் பதினொன்றில் எது முதல், எது கடைசி என்று அவன் போட்டு வைத்த வரிசைதான் அந்தத் தாள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு வரி காரணமும் எழுதியிருப்பான். சிடி மேல் என்ன பேர் அச்சடித்திருந்தாலும் எங்கள் வீட்டில் அவன் வைத்த பேர்தான். பஸ் கேம், மீன் கேம், வயக்காட்டு கேம், சுடுற கேம்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செவ்வாய், வெள்ளியில் விளக்கேற்றிக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். கேமைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் தாள்தான் கண்ணில் வந்து நிற்கிறது. பேரை எழுதவில்லை. எழுதப் போனால் கை ஓட மாட்டேன் என்கிறது.

முதலிடம் பஸ் கேமுக்கு. மலைப் பாதையில், கொட்டுகிற மழையில் ஒரு பஸ்ஸை ஓட்டிப் போக வேண்டும். வேகமாகப் போனால் புள்ளி இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆளை ஏற்றி, ஆளை இறக்கி, கடைசி ஊர் போய்ச் சேர வேண்டும். நடுவில் பள்ளத்தில் விட்டுவிட்டால் தீர்ந்தது. முதல் ஸ்டாப்பிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். பார்க்கிற எனக்கே கொட்டாவி வரும். அவன் எழுதியிருந்த காரணம்: "விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்க விடாது. நியாயமான கேம்."

இரண்டாவது மீன் கேம். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அதில் வேலை. வயக்காட்டு கேம் ஐந்தாவது. உழுது, விதைத்து, அறுத்து, மூட்டை கட்டுகிற ஆட்டம். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் டிராக்டரில் குலுங்கிவிட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயும் உழவு ஓட்டுகிறானே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தாவது இடத்துக்குக் காரணம் கேட்டதற்கு, "சொன்ன நாள்ல மழை பெய்யுதுண்ணே. அவ்வளவும் பொய்யி" என்றான்.

கடைசி இடம் சுடுகிற கேமுக்கு. ஊரில் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். அதற்கு நேராக, "செத்தவன் எந்திரிச்சு வர்றான்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

என் சின்ன மகள் அப்போது ப்ளஸ் ஒன். கிரிக்கெட்டை எட்டாவதாகப் போட்டதற்கு அவனோடு ஒரு மாசம் சண்டை.

"கிரிக்கெட்டுக்கு எட்டுப் போட்ட ஆளு இந்தியாவுலேயே நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா."

"நீ டாஸ் தோத்தா பெட்டிய அணைச்சுட்டு மறுபடி போடுற. அதுவும் சரின்னு திரும்ப சுண்டுது. எட்டே சாஸ்தி."

ஒரு இடம் ஏற்றிப் போடு சித்தப்பா, ஏழாவதாக்கு என்று அவள் தட்டில் தோசையை வைத்துக்கொண்டு கெஞ்சினாள். மாற்றவில்லை. முகத்துக்காக ஒரு நம்பரை மாற்றுகிற பழக்கம் அவனிடம் கிடையாது.

தானும் அப்படித்தான் ஆடுவான். தோற்றால் பெட்டியை அணைத்துவிடுவான். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள்தான் அடுத்தது. இன்னொன்று ஆடினால் என்னவாம் என்று ஒருநாள் கேட்டேன். கத்தாரில் ஒரு ரூமில் எட்டுப் பேராம். ஒரு பெட்டி. வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு. தோற்றவன் ரிமோட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம். "மறு ஆட்டம் கேட்டா, அடுத்தவன் ஆட்டத்த எடுத்துக்கிறோம்னு அர்த்தம் மதினி" என்றான். இங்கே அடுத்தவன் யாரும் இல்லையே என்றேன். சிரித்தானே தவிர ரிமோட்டைத் தொடவில்லை.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் பொங்கித் தின்றுகொண்டிருந்த வீடு. நான் வந்து முதல் நாள் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, எங்க அண்ணன் வைக்கிறதுதான் முதல் மதினி, ஒங்களது ரெண்டாவது என்று சொன்னான். அந்த வீட்டில் சமைப்பதே இரண்டு பேர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். அடி வாங்கிக்கொண்டும், இல்லண்ணே ரெண்டாவதுதான் என்றான். மூன்று மாசம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று, இன்னைக்கு நீங்க முதல் மதினி என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான். அன்றைக்கு நான் பூஜை அறையில் போய் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அவன் சொன்னால் அது நிஜம் என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் நம்பர் போடுவான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடைகளுக்கு, எங்கள் ஊருக்கு வருகிற மூன்று டவுன் பஸ் கண்டக்டர்களுக்கு, திருவிழாவில் வேஷம் கட்டுகிறவர்களுக்கு. சிரித்துக்கொண்டிருப்போம். அந்த நம்பர் நம் பக்கம் திரும்புகிற வரைக்கும் சிரிப்புத்தான்.

கத்தாரில் பெரிய கிரேன் ஓட்டினான். பனைமரம் நாலைந்தை அடுக்கின உயரத்தில் ஒரு கூண்டு. பாத்ரூம் போக வேண்டுமானால் அவ்வளவு ஏணியும் இறங்கி ஏற வேண்டும். அதனால் காலையில் ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டானாம். ஏழு வருஷம். அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, அவன் சொன்னான். முகமும் காலும் வீங்கி ஊர் வந்து சேர்ந்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயசு. திருமயம் பக்கம் ஒரு பெண் பார்த்து, பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. அவனே ஃபோன் போட்டு அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டான். எங்களிடம் அப்புறம்தான் சொன்னான்.

வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டையில் டயாலிசிஸ். நான்தான் கூடப் போவேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாயை ஒன்றாக இணைத்து வைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே உர்ரென்று அதிரும். மோட்டார் ஓடுது, கை வச்சுப் பாருங்க என்று என் மகள்களைக் கூப்பிட்டுக் காட்டுவான். அங்கேயும் நம்பர்தான். ஊசி குத்துகிற சிஸ்டர்களில் யார் முதல், ஜன்னல் கட்டில் முதல், கதவோரக் கட்டில் கடைசி. எனக்கு அதெல்லாம் ஆறுதலாகத்தான் இருந்தது. பழையபடி இருக்கிறானே என்று.

ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சாதாரணமாகச் சொன்னான். டயாலிசிஸுக்குக் கூடப் படுக்கிற எட்டுப் பேரில் யார் முதலில் போவார்கள் என்று ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறானாம். தாளில் எழுதவில்லையாம், மனசில்தானாம். வாயைக் கழுவு தம்பி என்றேன். அவன் நிறுத்தவில்லை.

"நான் நாலாவது மதினி."

இரண்டு மாசத்தில் ஒரு டெய்லர் போனார். அதற்கடுத்த மாசம் ஒரு டீச்சரம்மா. அந்தம்மா கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். வெளியே வந்தபோது, "இப்ப நான் ரெண்டாவது" என்றான். என் முந்தானை முடிச்சில் கோயில் திருநீறு இருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே அவன் நெற்றியில் பூசிவிட்டேன். குழந்தை மாதிரி தலையைக் குனிந்து காட்டினான்.

வீட்டுக்கு வந்து இதை நான் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். என்னோட கிட்னியில ஒண்ணு எடுத்துக்கட்டும், நான் தர்றேன் என்றார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். கொழுந்தன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அழுதது எனக்குக் கேட்டது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். பொருந்தியது. ஒன்றை எடுத்துவிட்டாலும் கொடுத்தவர் மற்றதை வைத்து நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. கொடுக்கிறவருடைய சம்சாரம் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளைத் தள்ளினார்கள். ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வருகிற வழியில் திருமயம் கோட்டை தாண்டும்போது பார்த்தேன், எங்கள் வீட்டுக்காரர் கை தானாக விலாவுக்குப் போய் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதே வேலை. டிராக்டரில் உட்கார்ந்தாலும் விலாவில் கை. சாப்பாடு பாதியானது. தர்றேன் என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல முடியாததை நான்தான் சொல்ல வேண்டும் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசு. ஆபரேஷனில் இவருக்கு ஒன்று ஆகிவிட்டால், இரண்டு பேரையும் இழந்துவிட்டு நான் என்ன செய்வேன் என்று ஒரே நினைப்பு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று கொழுந்தன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் சாமியிடம் கேட்போம் என்றேன். எங்கள் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒன்றுபோல் மடித்துச் சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் எங்கள் பக்கம் இப்படிக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டோம். என் கல்யாணமும் அப்படிக் கேட்டு வெள்ளை வந்து நடந்ததுதான்.

பூவைப் பார்த்தா உயிரை முடிவு பண்ணுவது என்று கொழுந்தன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன், "அதுவும் நல்ல ஆட்டம்தான் மதினி. ஒரு தடவதான். எது வருதோ அதுக்குக் கட்டுப்படுறேன். அண்ணனையும் கட்டுப்படச் சொல்லுங்க" என்றான். கோயிலுக்குப் போகிற அன்றைக்கு முந்தின நாள்தான் அவனுக்கு டயாலிசிஸ் முடிந்திருந்தது. தலைசுற்றலாக இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று வீட்டிலேயே படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை. நான்தான் பூப் பறித்தேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி. நானே மடித்து வாழைநாரில் கட்டினேன். எதிலே எது என்று எனக்கே தெரியாமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றிப் பூசாரி தட்டில் வைத்தேன். அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கால் கழுவப் போர் பைப் பக்கம் போயிருந்தார். பூசாரி தன் பேத்தியைக் கூப்பிட்டார். நாலு வயசு இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு ஓடி வந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார்.

நந்தியாவட்டை.

அப்போதுதான் என் வாய் பேசியது. பிள்ளை இடது கையால் எடுத்தது, சாமி காரியத்துக்கு இடது கை ஆகாது, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளை இடது கையால் எடுத்தது நிஜம்தான். சிவப்பு வந்திருந்தால் நான் அதைக் கவனித்திருப்பேனா என்பதுதான் கேள்வி. பூசாரி என்னை ஒரு தரம் பார்த்தார். ஒங்க இஷ்டம்த்தா என்று திரும்பக் கட்டி வைத்தார். பிள்ளையின் வலது கையைப் பிடித்து நானே நீட்டிவிட்டேன்.

இந்தத் தடவை அரளி வந்தது. போதும் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் ஈரக் காலோடு படியேறி வந்தார். சிவப்பு என்றேன். அவர் பூவைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக ஒன்று விட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கொழுந்தன் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சொன்னேன். தலையை ஆட்டினான். அப்புறம், அவன் சுபாவப்படியே கேட்டான்.

"மொதல்ல வந்ததே செவப்பா மதினி?"

"ஆமா தம்பி."

சரி என்றான். அந்த ஆஸ்பத்திரித் தாளை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வேறு ஏற்பாடு சொன்னார்கள். விபத்தில் மூளைச்சாவு ஆனவர்கள் தானம் கொடுத்தால் கிடைக்கும், பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பதிந்தோம். வரிசையில் எத்தனையாவது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், இப்ப நானே லிஸ்ட்டுக்குள்ள போயிட்டேன் என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என் மகள்களும் சிரித்தார்கள். எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாசம் இருந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் காலையில் அளந்து ஊற்றி வைத்துக்கொண்டு, மாலை வரைக்கும் நாக்கை நனைத்து நனைத்து ஓட்டுவான். விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. பஸ் கேமில் முன்பெல்லாம் கடைசி ஊர் வரைக்கும் போகிறவன் மூன்றாவது ஸ்டாப் தாண்டுவதில்லை. ரிமோட் கையிலிருந்து நழுவும், பஸ் பள்ளத்தில் போகும், பெட்டியை அணைப்பான். அதைக் கீழே இறக்கிவிட்டு உங்களால் ஆட முடிகிற மீன் கேமை முதலில் போடுங்கள் என்று சின்ன மகள் சொன்னாள். நான் தோற்பதற்கு கேம் என்ன செய்யும் என்று அவளைத் திருப்பிக் கேட்டான். தாளில் ஒரு நம்பரும் மாறவில்லை.

மாறியது ஒன்றுதான். என் சமையலுக்கு அவன் நம்பர் சொல்வதை விட்டுவிட்டான். உப்பில்லாத சாப்பாடு, நாக்கு செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் ஏற்றினோம். எங்கள் வீட்டுக்காரர் மடியில் தலை, என் மடியில் கால். காலைப் பிடித்துக்கொண்டு அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அன்னவாசல் தாண்டவில்லை.

அவன் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் கோயிலுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நிற்பார். செருப்பைக் கழற்ற மாட்டார். திருநீறு கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி மரத்தடியில் போட்டுவிடுவார். ஒரு வருஷம் இப்படியே போனது. தம்பிக்கு வேண்டாம் என்று சொன்ன சாமி மேல் கோபம் என்று நான் நினைத்தேன். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். நான் செய்ததற்கு அய்யனார் பழி சுமந்துகொண்டு நிற்கிறார். அவர் வெள்ளையைத்தான் கொடுத்தார். கொழுந்தன் செத்த பாவத்தை நான் சுமப்பேன், சாமி எதற்குச் சுமக்க வேண்டும்? சொல்லவா வேண்டாமா என்று பூக்கட்டிக் கேட்கவும் எனக்கு இனிமேல் முகம் இல்லை.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வாசலில் சாக்கை விரித்து எங்கள் வீட்டுக்காரர் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகள்கள் இரண்டு பேரும் காலேஜுக்குப் போயிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் உரித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். முதலில் வெள்ளை வந்தது, இடது கை என்று சொல்லித் திரும்ப எடுக்க வைத்தேன், உங்களிடமும் தம்பியிடமும் பொய் சொன்னேன், சாமி மேல் தப்பில்லை, கோயிலுக்குள் வாருங்கள் என்றேன்.

அவர் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும். நான் கோயில் மணி தொங்குற தூணுக்கு அங்கிட்டுத்தான் நின்னேன்."

நான் இன்னொரு கடலையை எடுத்து உடைத்தேன்.

"நீ இடது கைன்னு சொன்னப்ப, ஒன்னால எனக்கு அப்புடி ஒரு நிம்மதி. சத்தம் காட்டாம திரும்பிப் போயி இன்னொரு தடவ கால் கழுவிட்டு வந்தேன்."

மீதியையும் அவரே சொன்னார். நான் குனிந்தே இருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம், நான் பால் கறக்கப் போயிருந்த நேரம், கொழுந்தன் அவரிடமும் அதையே கேட்டானாம். முதலில் என்ன பூ வந்தது என்று. அவனிடம் பொய் சொல்ல இவருக்கு வரவில்லையாம்.

"வெள்ளைன்னு சொல்லிட்டேன். அவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். சரிடா, அப்ப நான் தர்றேன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தான். எவ்வளவு நேரம் பாத்தான்னு தெரியல. நான் மோட்டார் போடப் போறேன்னுட்டு எந்திரிச்சு வயலுக்குப் போயிட்டேன். கரண்டு இல்ல. இருந்தாலும் போயி மோட்டார் கொட்டாயில உக்காந்திருந்தேன்."

அப்படியானால் அந்த எட்டு மாசமும் அவனுக்குத் தெரியும். ஒரே நாளில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒருத்தி சொன்ன பொய்யையும் ஒருத்தர் சொல்லாத வார்த்தையையும் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு போக இடமில்லாமல் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறான். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறான். டயாலிசிஸுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். மதினி என்று கூப்பிட்டதில் ஒரு நாளாவது ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் தேவலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவராகவே செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்தார். தேங்காய் பழத் தட்டைப் பூசாரியிடம் நீட்டினேன். யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் தம்பி பேரைச் சொன்னார். நட்சத்திரமும் சொன்னார்.

பூசாரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இல்லாதவுக பேருக்கு இங்க செய்யிறதில்லப்பா" என்று சொல்லி, தட்டை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம் போய்விட்டார்.

சூடம் காட்டுகிற வரைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தேங்காயை உடைக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.